வெள்ளிக்கிழமைப் புகை

என் அன்பான இஞ்சருங்கோவுக்கு,

இப்படித் தொடங்குகிறேனே என்று சிரிப்பீர்கள். வேறு எப்படித் தொடங்குவது? கலியாணம் முடித்த நாளிலிருந்து வீட்டில் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சருங்கோ" என்றால் திரும்பிப் பார்ப்பீர்கள், அல்லது பார்க்காமலே "என்ன" என்பீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம் ஒன்று எங்களுக்கு இருந்தது. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். டூட்டிங்கில் மரக்கறி வாங்கும் கடைகளில் வாசலில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பத்திரிகைதான். வெண்டிக்காயோடும் முருங்கைக்காயோடும் சேர்த்து எல்லாரும் இதையும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். உங்கள் அண்ணர் வாசிப்பார். கோயில் சபைக்காரர் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். உங்களைப் பற்றிய பொய் அச்சில் வந்தது, பதிலும் அச்சில்தான் வரவேண்டும்.

கோபமாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்த காலத்தில் கோபிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. சமையல் இருந்தது, மகள் இருந்தாள், சுப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கிறார்கள், ஞாயிறும் எனக்கு ஷிப்ட் போடுகிறார்கள். ஆனாலும் கோபிக்க நேரம் இருக்கிறது. நீங்கள் இல்லாத வீட்டில் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது, தெரியுமா?

முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டி அன்று, அண்ணர் கல்வெட்டுப் புத்தகம் வெளியிட்டார். ஊரில் செய்வதுபோலவே, முன் அட்டையில் உங்கள் படம், உள்ளே தேவாரம், பிறகு உங்கள் பெருமைகளைச் சொல்லும் பாட்டு. அண்ணருக்குத் தெரிந்த தமிழ் வாத்தியார் ஒருவர் அதை எழுதினாராம். உங்களை அவர் ஒருநாளும் கண்டதில்லை. அண்ணர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாராம்.

*வெள்ளி தவறா விரதம் காத்தான்*
*வேள்விப் புகையில் மேனி நனைத்தான்*
*புலாலை மறுத்த புனித சீலன்*
*பொல்லா மதுவைத் தீண்டா மேலோன்*

மண்டபத்தில் ஒருவர் இதை ராகம் போட்டுப் பாடினார். பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். நான் முன்வரிசையில் வெள்ளைச் சேலையோடு இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிய அடக்கில் தோள் குலுங்கியது, பக்கத்தில் இருந்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டார்கள். இரண்டாவது வரி மட்டும் பொய்யில்லை. புகையில் நனைந்ததென்னவோ உண்மைதான்.

அது எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? உண்மையாகவே கோயிலுக்குப் போகத்தான் நாங்கள் புறப்பட்டோம். மகள் அப்போது சின்னப் பிள்ளை. அவளை மோர்டனில் உங்கள் அண்ணர் வீட்டில், அண்ணரின் பெண்சாதி பரமேசக்காவிடம் விட்டுவிட்டு நான் ரயிலேறி மூர்கேட்டுக்கு வந்தேன். நீங்கள் சிட்டியில் அந்த ஜப்பானிய வங்கியின் தபால் அறையில் வேலை முடித்து வருவீர்கள், சேர்ந்து வடக்கு லண்டன் முருகன் கோயிலுக்குப் போவோம் என்பது ஏற்பாடு. நீங்கள் பிந்தி வந்தீர்கள். பூசை முடிந்திருக்கும். வெளியே பெருமழை. என் சேலைக் கரை முழுக்க ஈரம். நீங்கள் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, களவுக்குப் போகிறவர் குரலில் சொன்னீர்கள்.

"பக்கத்திலை ஒரு இடம் இருக்கு. வேலையாக்களோடை ஒருக்காப் போனனான். சூடா ஏதும் குடிச்சிட்டுப் போவம்."

சூடாக என்றால் தேத்தண்ணி என்று நினைத்துத்தான் வந்தேன். ஒடுங்கிய படிகளில் கீழே இறங்கி, வாசலில் தொங்கிய துணியை விலக்கியதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒன்றாகச் சத்தம் போட்டார்கள். நான் உங்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் எங்களை ஏசுகினம்?"

"ஏசேல்லை. வாங்கோ எண்டு சொல்லுகினம். இது இசக்காயா. எங்கடை ஊர்க் கள்ளுத் தவறணை மாதிரி, ஆனால் சாப்பாடும் இருக்கு."

தவறணை என்ற சொல்லைக் கேட்டதும் திரும்பி ஓடியிருக்கவேண்டும். மழையை நினைத்து நின்றேன். பிறகு மணத்தை நினைத்து நின்றேன்.

மேசை என்று சொல்வதற்கில்லை. நெருப்பைச் சுற்றி ஒரு நீண்ட பலகை, அதன் முன்னால் உயரமான ஸ்டூல்கள். நடுவில் ஒருவர் தலையில் துவாய் கட்டிக்கொண்டு நின்று கரி நெருப்பை விசிறிக்கொண்டிருந்தார். குச்சியில் கோத்த கோழித்துண்டுகளை நெருப்பின் மேல் வரிசையாக வைப்பார், எடுத்துக் குழம்புச் சட்டிக்குள் ஒருதரம் தோய்ப்பார், மறுபடி வைப்பார். சொட்டுச் சொட்டாக விழும்போது புகை எழும்பி எல்லார் முகத்திலும் அடிக்கும். "ஐயர் ஹோமம் வளக்கிற மாதிரி இருக்கு" என்றேன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து அதுவரை நான் கண்டதில்லை.

முதலில் கேளாமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ கீரை வந்தது. பிறகு கோழித் தொடை, நடுநடுவே லீக்ஸ் வைத்துக் கோத்தது. அரைத்த கோழியில் உருட்டின உருண்டை. ஈரல். உப்புப் போட்டு வாட்டின செட்டை. கடைசியில் தோல். நான் வீட்டில் உரித்துக் குப்பையில் எறிகிற தோலை மடித்து மடித்துக் கோத்து மொறுமொறுவென்று வாட்டித் தந்தார்கள். அதைக் கடித்துவிட்டு, இவ்வளவு காலமும் எறிந்ததையெல்லாம் நினைத்து எனக்கு ஆத்திரமே வந்தது. அன்று வெள்ளிக்கிழமை என்பது இரண்டாவது குச்சியில்தான் ஞாபகம் வந்தது.

"ஐயோ, இண்டைக்கு வெள்ளியெல்லே."

"வெள்ளிக்கிழமையெண்டபடியால்தான் நல்லது. இண்டைக்கு எங்கடை ஆக்கள் ஒருத்தரும் மச்சம் சாப்பிட வெளிக்கிடாயினம். ஒருத்தரும் எங்களைக் காணாயினம்."

எப்படிப்பட்ட மூளை உங்களுக்கு.

திரும்பி மோர்டனுக்கு வந்து மகளைத் தூக்கியபோது பரமேசக்கா என் சேலைத் தலைப்பை மணந்து பார்த்தார். "என்ன பிள்ளை, உடுப்பெல்லாம் புகை மணக்குது. கோயிலிலை ஹோமமோ?" நீங்கள் சப்பாத்தைக் கழற்றியபடியே தலை நிமிராமல் சொன்னீர்கள்.

"ஓம்."

அவ்வளவுதான். மழை பெய்தது, பூசைக்குப் பிந்திவிட்டோம், வேறு ஒரு இடத்தில் சாப்பிட்டோம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நீங்கள் ஓம் என்றீர்கள். அந்த ஓம் தான் எங்கள் வீட்டு மந்திரமாகிவிட்டது.

பிறகு அது வழக்கமானது. வெள்ளி வந்தால் வேலைக்குப் போகும்போதே "இண்டைக்குப் பூசை இருக்கோ?" என்று கேட்பீர்கள். நான் "இருக்கு" என்பேன். பிளம்ஸ் ஊறிய இனிப்பு மதுவுக்கு நீங்கள் வைத்த பெயர் தீர்த்தம். முதல்நாள் அதைப் பழச்சாறு என்று சொல்லித் தந்தீர்கள். இரண்டு மிடறில் காது சூடாகியபோதுதான் விளங்கியது. கோபிக்க நினைத்து இன்னொரு மிடறு குடித்தேன். உங்களுக்குப் பியர். குளிர் நாட்களில் சின்னக் கூசாவில் சூடாக்கித் தருகிற சாக்கே என்ற அரிசி மது.

வருகிற வழியில் ரயிலில் வாய் மணம் போகக் கராம்பு சப்புவோம். ஸ்டொக்வெல் தாண்டியதும் கோட்டுப் பையிலிருந்து கமராச் சுருள் வருகிற சின்னப் பிளாஸ்டிக் டப்பியை எடுப்பீர்கள். உள்ளே திருநீறு. உங்கள் நெற்றியில் மூன்று குறி, எனக்கு ஒரு கீற்று. எதிரே இருந்த வெள்ளைக்காரர் பேப்பருக்கு மேலால் பார்ப்பார்கள். மோர்டனில் இறங்கும்போது லண்டனிலேயே பெரிய பக்தர்கள் நாங்கள்தான்.

இதெல்லாம் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான். இதற்காக நான் கோபிக்கவில்லை. கோபம் வேறு.

அங்கே ஒரு முறை இருந்தது. உங்களோடு வேலை செய்த ஹயாஷி ஒருநாள் எங்கள் பக்கத்தில் வந்திருந்து சொல்லித் தந்தார். நான் போத்தலை எடுத்து என் கிளாசில் ஊற்றப் போனேன். அவர் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். தன் கிளாசைத் தானே நிரப்பக்கூடாதாம். பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்து நிரப்பவேண்டுமாம். அதனால் மற்றவரின் கிளாசில் எப்போதும் ஒரு கண் இருக்கவேண்டுமாம்.

அன்றிலிருந்து நீங்கள் என் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாதி குறைந்தால் போத்தலை எடுப்பீர்கள். ஒரு கையால் ஊற்றுவது மரியாதையில்லை என்று மற்றக் கையால் அடியைத் தாங்குவீர்கள். குச்சியிலிருந்து கோழியைக் கழற்றி என் தட்டில் வைப்பீர்கள். "தோல் இன்னும் ஒண்டு சொல்லட்டோ?" என்று கேட்பீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்டது அங்கேதான். அங்கே எல்லாரும் உங்கள் பெயரோடு மரியாதைச் சொல் சேர்த்துக் "குகா சான்" என்பார்கள். ஒருநாள் நானும் சொல்லிவிட்டேன். சொன்னபின் பயந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். "இன்னொருக்காச் சொல்லு" என்றீர்கள்.

வீட்டில்?

வீட்டில் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வெறும் கிளாசைக் காற்றில் உயர்த்திப் பிடிப்பீர்கள். நான் எங்கிருந்தாலும் வந்து நிரப்பவேண்டும். சுடுதண்ணிக் கேத்தல் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த அன்று அறை வாசலில் வந்து நின்று நீங்கள் கேட்டது, "தேத்தண்ணி ஒண்டும் இல்லையோ?" எனக்கு வேண்டுமா என்று கேட்கிறீர்கள் என நினைத்து "கொஞ்சம் தாங்கோ" என்றேன். நீங்கள் விளங்காமல் நின்றீர்கள். நான் எழும்பிப் போய் இரண்டு பேருக்கும் ஊற்றினேன்.

அந்த நிலக்கீழ் அறையில் இருந்தவர் யார்? படியேறி மேலே வந்ததும் அவர் எங்கே போனார்? ஒருநாள் படியில் வைத்தே கேட்டேன். தீர்த்தம் தந்த துணிவு.

"வீட்டிலையும் இப்பிடி இருக்கலாமெல்லே?"

"வீடு வேறை, இது வேறை."

"என்ன வேறை?"

"அண்ணை கண்டால் என்ன நினைப்பார்? பெண்சாதிக்கு ஊத்திக் குடுக்கிறன் எண்டு. இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. சத்தியம் பண்ணு."

ரயில் வந்துவிட்டது. சத்தியம் பண்ணினேன். கோழி சாப்பிட்டதை மறைக்கச் சொல்கிறீர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். நீங்கள் மறைக்கச் சொன்னது அதை இல்லை. என்னை நீங்கள் கவனித்ததை மறைக்கச் சொன்னீர்கள். அது உங்களுக்கு மச்சத்தையும் மதுவையும்விடப் பெரிய வெட்கமாக இருந்திருக்கிறது. இது எனக்கு உறைக்க நீங்கள் சாகவேண்டியிருந்தது. இதற்குத்தான் கோபம்.

செத்தது தபால் அறையில், வேலை நேரத்தில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். ஆஸ்பத்திரியில் உங்கள் பொருட்களை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். வீட்டுத் திறப்புக் கோர்வை, சீப்பு, அந்தப் பிளாஸ்டிக் டப்பி. அண்ணர் டப்பியைத் திறந்து பார்த்தார். உள்ளே திருநீறு. அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதார். "வேலைக்குப் போகேக்கையும் திருநீறோடை போயிருக்கிறான்" என்று வருகிற எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார். அந்த அழுகை உண்மை. அந்த மனிதரின் கண்ணீருக்கு முன்னால் நான் என்னத்தைச் சொல்வது? அந்த டப்பியிலிருந்துதான் கல்வெட்டுப் பாட்டு முளைத்தது.

ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சத்தியம் பண்ணியிருந்தேனே. மச்சம் சாப்பிடவேண்டாம் என்றார்கள், சாப்பிடவில்லை. வெள்ளிக்கு வெள்ளி அண்ணர் காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார், போனேன். உண்மையான ஹோமம் நடக்கும்போது புகை முகத்தில் அடிக்கும். கண்ணை மூடினால் எனக்குக் கோழித் தோல்தான் ஞாபகம் வந்தது. முருகன் கோபிக்க மாட்டார், அவருக்கும் வீட்டில் இரண்டு பெண்சாதி.

ஒரு வருஷத்துக்குப் பிறகு என் வெள்ளிக்கிழமை எனக்குத் திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூர்கேட்டுக்கு ரயிலேறுவேன், உங்கள் ஸ்டூலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருப்பேன், உங்கள் பெயரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்வேன். இந்த நினைப்பில்தான் அந்த வருஷத்தைக் கழித்தேன்.

போன மாதம் உங்கள் முதல் வருஷ ஆட்டைத் திவசம் அண்ணர் வீட்டில் நடந்தது. ஐயர் போனபிறகு எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் இருந்தோம். அண்ணர் எழும்பி நின்றார்.

"தம்பியின்ரை பேரிலை கோயிலிலை வெள்ளிக்கிழமை உபயம் ஒண்டு நிரந்தரமாச் செய்யப்போறம். சபையிலை கதைச்சாச்சு. ஒவ்வொரு வெள்ளியும் மலர் வந்து அவன்ரை படத்துக்கு முன்னாலை விளக்கேத்துவா. அவன் காத்த விரதத்தை இனி அவதான் காக்கவேணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் கை தட்டக்கூடப் பார்த்தார். ஒவ்வொரு வெள்ளியும். நிரந்தரமாக. சாகும்வரை நான் உங்கள் பொய்க்கு விளக்கேற்றவேண்டும்.

"அத்தான், எனக்கு ஏலாது."

"ஷிப்ட் எண்டால் மாத்திக் குடுப்பினம், நான் ஒரு கடிதம் எழுதித் தாறன்."

"ஷிப்ட் இல்லை. அவர் ஒரு விரதமும் காக்கேல்லை. நாங்கள் வெள்ளிக்கிழமையிலை கோயிலுக்குப் போகேல்லை. மூர்கேட்டிலை ஒரு ஜப்பான் கடைக்குப் போனனாங்கள். அது ஹோமப் புகை இல்லை. கோழி வாட்டின புகை. அவர் பியர் குடிச்சவர். நானும் குடிச்சனான்."

சொல்லிவிட்டேன். சத்தியம் முறிந்துவிட்டது. வீடு இடியும், அண்ணர் கத்துவார், மகளை மேல்மாடிக்கு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பாவம், யோசிச்சு யோசிச்சு மூளை குழம்பிப்போச்சு. ஆரும் பிள்ளைக்குத் தண்ணி குடுங்கோ."

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். டொக்டர் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். மன அமைதிக்கு வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது இன்னும் நல்லது என்று ஒரு அம்மா சொன்னார்.

கேட்கிறீர்களா? நீங்கள் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு சொன்ன ஒரு ஓம் போதும், ஊரே நம்பியது. நான் நடுக்கூடத்தில் நின்று இத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன், எனக்குப் பைத்தியம் என்றார்கள். பொய்யே சொல்லாத தம்பி. பொய் சொல்லவும் துணிவில்லாத, மூளை குழம்பின பெண்சாதி. இப்படித்தான் எங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அன்றிரவு உங்கள் படத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தேன். காலையில் மகள் கண்டு, "அம்மா, வை இஸ் அப்பா பேஸிங் த வோல்?" என்று கேட்டாள். "அப்பா யோசிக்கிறார்" என்றேன். யோசித்தீர்களா?

பரமேசக்கா மட்டும் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. எப்போதும்போலக் குசினிக்கும் கூடத்துக்கும் நடந்து எல்லாருக்கும் கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து, அண்ணர் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போன் பண்ணினார்.

"பிள்ளை, அது கோழிப் புகைதானோ?"

"ஓம், அக்கா."

"எனக்கு அண்டைக்கே தெரியும். ஹோமப் புகையெண்டால் நெய் மணக்கும். உன்ரை சீலையிலை நெய் மணக்கேல்லை."

எத்தனை வெள்ளி எங்கள் மகளை அவர் வைத்துப் பார்த்தார், எத்தனை வெள்ளி நாங்கள் அவர் முகத்துக்கு முன்னால் கோயில் கதை சொன்னோம். "அப்ப ஏன் அக்கா ஒண்டும் கேக்கேல்லை?" என்றேன்.

"கேட்டால் நீங்கள் போகாமல் விட்டிருப்பியள். நீ வரேக்கை முகம் அவ்வளவு வெளிச்சமா இருக்கும். ஒருத்தியாவது போயிட்டு வரட்டும் எண்டு இருந்தன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "வாற வெள்ளி நீ பூசைக்குப் போறியோ? நானும் வரட்டோ?"

"ஓம்" என்றேன்.

போன வெள்ளி நாங்கள் இருவரும் போனோம். அக்கா அண்ணரிடம் மலரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அண்ணர் சந்தோஷப்பட்டு ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அண்ணரே, இதை வாசிக்கிறீர்கள் என்றால் மன்னியுங்கள், வாழைப்பழத்தை ரயிலில் சாப்பிட்டோம்.

துணியை விலக்கியதும் அதே சத்தம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நெருப்புக்காரர் என்னைக் கண்டதும் விசிறியை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நீங்கள் வருகிறீர்களா என்று. நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. உங்கள் ஸ்டூலுக்கு முன்னால் ஒரு பியர்க் கிளாசைத் துடைத்து வைத்தார்.

அக்கா கோழி வேண்டாம் என்றார். "இண்டைக்கு வெள்ளியெல்லே." வாட்டின மிளகாயும் சோற்று உருண்டையும் சாப்பிட்டார். பிளம்ஸ் மதுவைக் காட்டி இது என்ன என்றார். நான் பழச்சாறு என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "பழத்திலை செய்ததுதானே, அது சைவம்தான்" என்றார். நான் தோல் சொன்னேன், இரண்டு குச்சி. ஒரு வருஷத்துக்குப் பிறகு. முதல் கடியில் கண்ணீர் வந்தது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

முறையைச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை, அவருடைய கை தானாக என் கிளாசைப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஜப்பான்காரருக்கும் பியரை ஊற்றிவிட்டார். ஆனால் நான் போத்தலை எடுத்து அவருடைய கிளாசுக்கு நீட்டியபோது, பந்தியில் போதும் என்று இலையை மறிப்பதுபோலக் கையால் கிளாசை மூடினார்.

"வேண்டாம், நானே எடுப்பன்."

"இஞ்சை தானே எடுக்கக்கூடாது, அக்கா."

கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்தார். ஒரு கையால் போத்தலைப் பிடித்து மற்றக் கையால் அடியைத் தாங்கி, நீங்கள் எனக்குச் செய்ததுபோலவே ஊற்றினேன். அக்கா நிரம்பிய கிளாசைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார்.

"இதுக்குத்தானோ நீ வெள்ளிக்கு வெள்ளி போனனீ?"

"ஓம்" என்றேன்.

உங்கள் அண்ணர் இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் விடலாம். அக்காவோடும் கதைக்காமல் விடுவாரோ தெரியாது. அக்காவிடம் கேட்டுத்தான் எழுதினேன். "எழுது. என்ரை பேரையும் போடு" என்றார். உபயத்தை அண்ணர் செய்யட்டும், அது அவருக்கும் அவருடைய தம்பிக்கும் உள்ள விஷயம். அவர் அழுத கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. விளக்கேற்ற நான் வரமாட்டேன்.

நீங்கள் நல்லவர். அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. அந்த நல்லவரை ஒரு நிலக்கீழ் அறையில் ஒளித்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வேறு ஒருவரைக் கூட்டிவந்தீர்கள். நான் வாழ்ந்தது இருவரோடும். அழுவது ஒருவருக்குத்தான்.

உங்கள் படத்தை மறுபடி இந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். படத்துக்கு முன்னால் ஒரு வருஷமாகத் தினமும் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தேன், முறை என்று சொன்னார்கள். செத்த பிறகும் எழும்பி வந்து நிரப்பினேன். அதை நேற்றுக் கழுவி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். வீட்டில் உங்களுக்கு நான் நிரப்பியது போதும்.

ஆனால் இது என் சத்தியம், இதை முறிக்கமாட்டேன். ஒவ்வொரு வெள்ளியும், ஷிப்ட் இருந்தாலும் மாற்றிக்கொண்டு, நான் அந்தப் படியிறங்கி வருவேன். உங்கள் ஸ்டூலுக்கு முன்னால் இருக்கிற கிளாசில் இரண்டு கையாலும் பியரை ஊற்றுவேன். என் கிளாசை வெறுமையாக முன்னால் வைத்துக்கொண்டு, யாராவது பார்க்கும்வரை காத்திருப்பேன். நானே ஊற்றிக்கொள்ள மாட்டேன், குகா.

உங்கள் பெண்சாதி,
மலர்